துடைப்பத்துக்கும் அவசரம்

ஆபரேஷன் தியேட்டரிலிருந்து ரத்த வங்கிக்குப் போன ஃபோன் பாதியில் கரகரத்துச் செத்தது.

மேசையில் ஆள் கிடக்கிறார். சிஸ்டர் ரெஜினா மாடிப்படி இறங்கி ஓடித்தான் ரத்தம் வந்தது. ஆள் பிழைத்தார். அது ரெஜினாவின் கால் பலம்.

நாளைக் காலை அடுத்த ஆபரேஷன். அதற்குள் ஃபோன் ஒழுங்காகப் பேச வேண்டும். இல்லையென்றால் வெளியாள் வருவான். நெட்வொர்க் பார்க்கும் அருளப்பன் ஸ்டோர் ரூமில் பஞ்சு நிறுக்கப் போகலாம். பெரிய டாக்டர் சிதம்பரதாணு சொல்லிவிட்டார்.

அருளப்பனுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. அவருக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்த மெஹருன்னிசாவுக்கு முப்பத்தைந்து இருந்தால் அதிகம். ஆனாலும் டீச்சர் டீச்சர்தான். கூப்பிட்டார். டீச்சர் வந்தார்.

“ஸ்விட்ச் பாழாப் போச்சு டீச்சர். புதுசு வாங்கணும்.”

ஸ்விட்ச் என்றால் விளக்கு போடுவது இல்லை. ஆஸ்பத்திரியின் ஃபோன், கம்ப்யூட்டர், கேமரா எல்லாம் வந்து சேரும் பெட்டி. எது முந்திப் போகலாம், எது காத்துக் கிடக்கலாம் என்று அதற்குச் சொல்லி வைக்க முடியும். உள்ளே எட்டு வரிசை.

“திறந்து காட்டுங்கண்ணே.”

காட்டினார். ஏழு வரிசை காலி. எல்லாம் முதல் வரிசையில் முட்டிக்கொண்டு நின்றது.

“இப்படி யார் வச்சது?”

“எல்லாரும் கேட்டாங்க. பெரிய டாக்டருக்கு வீடியோ மீட்டிங் முதல்ல போகணும். பில் கவுண்டர், எங்களுக்குத்தான் முதல்லங்கறான். மருந்துக் கடை, எக்ஸ்ரே... யாருகிட்ட முடியாதுன்னு சொல்ல?”

“யார் வச்சதுன்னு கேட்டேன்.”

“சிஸ்டம் அப்படி எடுத்துக்கிச்சு.”

டீச்சர் எழுந்து அவசரப் பிரிவுக்குப் போனார். உயிருக்குப் போராடிக்கொண்டிருக்கும் நோயாளியின் கேஸ் ஷீட்டில் ஒட்டுவார்களே, ‘அவசரம்’ என்று அச்சடித்த சிவப்பு ஸ்டிக்கர், அதில் ஒரு கட்டு வாங்கி வந்தார்.

நாற்காலியில் ஒன்று ஒட்டினார். டீ கிளாஸில் ஒன்று. குப்பைக் கூடையில், பீரோவில், துடைப்பத்தில். கடைசியாக அருளப்பனின் சட்டைப் பையில்.

“இப்ப அவசரமானதை எடுத்துக் குடுங்க.”

அருளப்பன் சுற்றிப் பார்த்தார். கை எதன் மேலும் போகவில்லை.

“துடைப்பத்தைக் குடுக்கவா?”

“உங்க இஷ்டம். உங்க ஆஸ்பத்திரி.”

டீச்சர் டீயை எடுத்துக்கொண்டார்.

அருளப்பன் நின்றார். பிறகு கீபோர்டின் முன்னால் உட்கார்ந்தார்.

பில் கவுண்டரைக் கீழே இறக்கினார். கையோடு கூடையின் ஸ்டிக்கரையும் கிழித்தார். மருந்துக் கடை. எக்ஸ்ரே. பெரிய டாக்டரின் வீடியோவுக்கு வரும்போது விரல் கொஞ்சம் தயங்கியது. அதையும் இறக்கினார்.

ஃபோன் அலறியது.

“யோவ், மீட்டிங்ல என் மூஞ்சி உறைஞ்சு நிக்குது!”

“நிக்கும் சார்.”

“யாருகிட்ட பேசறேன்னு தெரியுதா?”

“தெரியுது சார். தியேட்டர் ஃபோன் முன்னால போகுது. நீங்க பின்னால.”



“போகட்டும்,” என்றார் சிதம்பரதாணு. அவரும் டாக்டர்தானே.

அருளப்பன் தியேட்டருக்கு ஃபோன் போட்டார்.

“இன்னும் கரகரங்குதுண்ணே,” என்றாள் ரெஜினா.

“பாக்கி ஒண்ணுமில்லையே டீச்சர்! எல்லாத்தையும் இறக்கிட்டேன்.”

டீச்சர் அருளப்பனின் சட்டைப் பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அருளப்பன் குனிந்தார். ஸ்டிக்கர்.

நிமிர்ந்தார். எதிர்ச் சுவர் முழுக்கக் கேமராப் படங்கள். வாசல், வராந்தா, லிஃப்ட், சைக்கிள் ஸ்டாண்ட். அவருடைய அறைக்கு ஆசையாகப் போட்டுக்கொண்டது. யாரும் கேட்காமலே முதல் வரிசையில் வைத்தது.

கடைசி வரிசைக்குத் தள்ளினார். படங்கள் விக்கி விக்கி நகர்ந்தன. சைக்கிள் ஸ்டாண்ட் அப்படியே நின்றுவிட்டது.

சட்டையிலிருந்து ஸ்டிக்கரைப் பிய்த்தார். நூலும் கூட வந்தது.

ஃபோன் அடித்தது.

“அண்ணே! பக்கத்துல நின்னு பேசற மாதிரி இருக்கு. ரத்த வங்கியும் கணீர்னு கேக்குது. சர்ஜன் கேக்கறார், சரி பண்ணது யாரு, வந்திருக்கிற மேடமா?”

அருளப்பன் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் கிளாஸில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

அருளப்பன் ஃபோனும் கையுமாக எழுந்து நின்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“அருளப்பன்.”