ஈக்குக் கொடுத்த முதல் வாய்

அந்தக் காலத்தில் ஈயும் எறும்பும்கூட மனிதரோடு வாய்விட்டுப் பேசும். அப்போது மலையடிவாரத்து ஊர் ஒன்றில் சடைச்சி என்று ஒருத்தி இருந்தாள். ஊராரின் சாமையை உரலில் குத்திக் கொடுப்பது அவள் வேலை. அரிசி ஊராருக்குப் போகும். உடைந்த குருணையும் தவிடும் அவளுக்குக் கூலி.

மழை பொய்த்த ஒரு வருஷம், விளைச்சல் பாதியானது, கூலியும் குறைந்தது. இருந்த குருணை, தவிடு எல்லாவற்றையும் ஒரே பானையில் கஞ்சியாகக் காய்ச்சி இறக்கும்போதே தங்கைக்கு இடுப்புவலி என்று ஆள் வந்தது. சடைச்சி போட்டது போட்டபடி ஓடினாள். அவள் கணவன் பூசன் காட்டில் தேன் எடுக்கப் போயிருந்தான். நாலாம் நாள் இருவரும் திரும்பியபோது பானை முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

"உள்ளே என்னவோ இருக்கு" என்று பூசன் பின்வாங்கினான். "கொட்டிடு."

"கொட்டிட்டா நாளைக்கு எதைக் குடிப்பீங்க?"

சடைச்சி குனிந்து பானையில் காதை வைத்தாள். அடுப்பில் நெருப்பில்லை, ஆனாலும் நுரை கொப்புளித்து உடைந்தது. புளிப்பும் பழவாசனையும் கலந்து வந்தன.

எள்ளளவு ஈ ஒன்று பானை விளிம்பில் வந்து உட்கார்ந்தது. "நான் குடிச்சுப் பார்க்கிறேன். பிழைச்சேன்னா இனிமே ஒவ்வொரு பானையிலும் முதல் வாய் எனக்கு."

"செத்துப்போனா?" என்றாள் சடைச்சி.

"அப்போ உங்களுக்கு விஷயம் தெரிஞ்சுடும்."

ஈ குடித்தது. கொஞ்ச நேரத்தில் கால்களை மடக்கிக்கொண்டு கவிழ்ந்தது. சாயங்காலம்வரை அசையவில்லை. 'செத்துப்போனா' என்று கேட்காமலே இருந்திருக்கலாம் என்று சடைச்சிக்கு மனசு அடித்துக்கொண்டது. பூசன் பானையைத் தூக்கக் கை வைத்தான். அப்போது ஈ எழுந்து, கோணல்மாணலாக ஒரு சுற்றுப் பறந்தது.

"வயிறு நல்லாத்தான் இருக்கு. இறக்கைதான் சொன்னபடி கேட்கல."

இருவரும் ஆளுக்கு ஒரு கொட்டாங்கச்சி குடித்தார்கள். உடம்பு அலுப்பு விட்டது, பசியும் அடங்கியது. செய்தி பரவியது. வீட்டில் தாங்களே குத்திக் குப்பையில் கொட்ட வைத்திருந்த தவிட்டையெல்லாம் ஊரார் சடைச்சியிடம் கொண்டுவந்தார்கள். அவள் பெரிய பானை ஒன்று நிறையக் காய்ச்சி வைத்தாள்.

பூசனுக்கு மட்டும் பொறுக்கவில்லை. "ஊரே காத்திருக்கு, ஈக்கு முதல் வாயா?" சடைச்சி தண்ணீருக்குப் போன சமயம் பானையை மூடி, சந்துவிடாமல் களிமண்ணால் பூசினான்.

"மூடாதே, அது மூச்சு விடுது" என்றது ஈ.

"உன் வாய்க்காகச் சொல்றே" என்று அவன் விரட்டினான்.

மறுநாள் உச்சிவெயிலில் பானை வெடித்தது. ஊர் முழுவதும் கொடுத்த தவிடு மண்ணில் ஓடியது. தலையெல்லாம் நுரையோடு பூசன் நின்றான். ஈ அவனைப் பார்த்தது, ஒன்றும் சொல்லவில்லை.

சடைச்சி வீடு வீடாகப் போய்க் கையளவு கையளவாகத் தவிடு கேட்டு வாங்கி, மறுபடி காய்ச்சினாள். பானை வாயை மெல்லிய துணியால் கட்டினாள். நாலாம் நாள் அவிழ்த்து, "வா, உனக்குத்தான் முதல்" என்று கூப்பிட்டாள். ஈ வந்தது, குடித்தது. "எப்படி இருக்கு?" என்று அவள் எத்தனையோ தரம் கேட்டுப் பார்த்தாள். பதில் வரவில்லை.

புளிக்கவைக்கும் பானையின் வாயைத் துணியால் கட்டுவது அன்று முதல்தான். அவிழ்த்த கணமே எங்கிருந்தோ அந்தச் சின்ன ஈ வந்துவிடுகிறது, அதுவும் அன்று முதல்தான். வருகிறது, குடிக்கிறது, மனிதரோடு மட்டும் பேசுவதில்லை.