நிறுத்தச் சொன்ன அணில்

காட்டாற்றங்கரையில் ஒரு முள்ளம்பன்றி வளை தோண்டிக் குடியிருந்தது. ஒருநாள் பெருமழையில் மேட்டிலிருந்து பாறை ஒன்று உருண்டுவந்து வளையின் வாயை அடைத்துக்கொண்டது. உள்ளே இரண்டு குட்டிகள்!

முள்ளம்பன்றி அலறியடித்துக் கரடியிடம் ஓடியது. அந்தக் காட்டில் விழுந்த மரமோ புரண்ட பாறையோ, எதை நகர்த்துவதானாலும் கொடி போட்டுக் கட்டுவது கரடிதான். இழுப்பது யானை.

கரடி வந்து பாறையைக் கொடிகளால் இறுக்கிக் கட்டியது. மறுமுனையை யானையின் கழுத்தில் மாட்டியது. அதற்குள் காடே கூடிவிட்டது.

“இடப்பக்கம் இழு!” என்றது நரி.

“இல்லை, நேரே இழு!” என்ற குரங்கு, பாறைமேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டது.

“அடேய், இறங்கித் தொலை!” என்று கரடி அதை விரட்டிவிட்டுத் திரும்பினால், பாறைக்கு அடியில் தலையை நுழைத்துக்கொண்டு நின்றது காட்டுப்பன்றி.

“குட்டிகள் தெரிகிறதா என்று பார்க்கிறேன், அண்ணே!”

“பாறை சரிந்தால் உன்னையல்லவா தேட வேண்டும்! தள்ளிப் போ!”

இதற்கிடையில் நரியின் பேச்சைக் கேட்டு யானை இடப்பக்கம் நகர்ந்திருந்தது. கரடிக்குத் தலையே வெடித்துவிடும்போல இருந்தது.

“போதும்! இனி நான் மட்டும்தான் பேசுவேன். வேறு யாராவது வாயைத் திறந்தால் எல்லாவற்றையும் அவிழ்த்துப் போட்டுவிட்டுப் போய்விடுவேன்!”

யானை மறுபடியும் நேராக வந்து நின்றது.

“யானையக்கா, நேரே இழுங்கள்!”

பாறை ஒரு சாண் எழும்பியது. உள்ளே குட்டிகள் வாசலை நோக்கி ஓடிவரும் சத்தம் கேட்டது.

“நிறுத்து! நிறுத்து!” என்று மரத்திலிருந்து வீறிட்டது ஓர் அணில்.

“பார்த்தீர்களா, மறுபடியும் ஆரம்பித்துவிட்டார்கள்! நீங்கள் இழுங்கள், அக்கா!”

யானை இழுக்கவில்லை. குட்டிகள் வாசலை எட்டுவதற்குள் பாறையை மெல்ல இறக்கிவிட்டது. “எனக்கு முதுகில் கண் இல்லை. என்னவென்று நீயே போய்ப் பார்!” என்றது.

கரடி முணுமுணுத்துக்கொண்டே போய்ப் பார்த்தது. பாறையின் கூர்விளிம்பு கொடியை அறுத்திருந்தது. ஒரே ஒரு நார்தான் மிச்சம்! இன்னும் ஓர் இழுப்பு இழுத்திருந்தால், பாறை குட்டிகளின் தலைமேல் விழுந்திருக்கும்.

“இதை முதலிலேயே சொல்வதற்கென்ன?” என்று கரடி அணிலிடம் எரிந்து விழுந்தது.

“நீங்கள்தானே வாயைத் திறக்கக் கூடாது என்றீர்கள்!”

கரடி விளிம்பில் தடித்த மரப்பட்டையை வைத்து, அதன்மேல் புதுக்கொடியைக் கட்டியது. “யார் கண்ணில் எது பட்டாலும் கத்துங்கள்!” என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னது. யானை இழுத்தது. பாறை நகர்ந்தது. குட்டிகள் தாயிடம் ஓடிவந்தன.

இழுக்கச் சொல்லும் குரல் ஒன்றாக இருக்கட்டும். ஆபத்தைக் கண்டு நிறுத்தச் சொல்பவர் யாராக இருந்தாலும் அவர் சொல்லைக் கேட்க வேண்டும்.