ஒட்டுப் படகுக்கு யார் பெயர்?

கையில் பெயின்ட் பிரஷோடு கடற்கரையில் திகைத்து நின்ற மனோன்மணியின் சங்கடத்தைச் சொல்கிறேன். அவர் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று யோசித்துக்கொண்டே கேளுங்கள்.

மனோன்மணி கொங்கு நாட்டில் பெயின்ட் கடை நடத்துகிறவர். ஆலங்காட்டுச் சேவைச் சங்கத்தின் தலைவி. செம்மணல்குப்பத்தைப் புயல் புரட்டிப்போட்ட செய்தி கேட்டதும், சங்கத்தார் அரிசியும் போர்வையுமாக லாரியில் வந்து இறங்கினார்கள். வாங்கிக்கொண்ட மீனவர்கள், "சோறு போட்டீங்க, சந்தோஷம். கடலுக்குப் போக ஒரு வழி பண்ணிக் குடுத்தீங்கன்னா நாங்களே பொழச்சுக்குவோம்" என்றார்கள். அந்தப் பேச்சு மனோன்மணிக்குப் பிடித்துப்போயிற்று.

கரையெங்கும் படகுகள் நொறுங்கிக் கிடந்தன. அஞ்சப்பனின் படகில் முன்பாதி தேறியது. காத்தலிங்கத்தின் படகில் பின்பாதி. முழுசாகத் தப்பியது வேம்புவின் இன்ஜின் மட்டும். வேம்புவுக்குப் படகு கிடையாது. கணவர் விட்டுச்சென்ற இன்ஜினை வாடகைக்கு விட்டுப் பிழைப்பவள். புயல் வருமுன்பே அதை வீட்டுக்குள் இழுத்துக் கட்டிலோடு கட்டிவைத்திருந்தாள். தப்பிய படகொன்றை வைத்துக்கொண்டு பக்கத்துக் குப்பத்தார் வந்து இன்ஜினை வாடகைக்குக் கேட்டபோதும், "எங்க ஊருப் படகு மொதல்ல மிதக்கட்டும்" என்று அனுப்பிவிட்டாள்.

சங்கத்தார் ஃபைபர் துணியும் பசையும் தருவித்தார்கள். அதுவரை கடலையே பார்த்திராதவர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மீனவர்கள் சொல்லச் சொல்ல இரண்டு பாதிகளையும் ஒட்டினார்கள். செயலாளர் சென்னியப்பனின் மீசையில் பசை இறுகி, ஒரு பக்கத்தை வழித்தெறிய வேண்டியதாயிற்று. அதைப் பார்த்துக் குப்பமே வயிறு குலுங்கச் சிரித்தது. புயலுக்குப் பிறகு அங்கே கேட்ட முதல் சிரிப்பு அதுதான்.

படகு தயார். மத்தி மீன் கூட்டங்கூட்டமாக வந்திருந்த நேரம். பெயர் எழுத வேண்டியதுதான் பாக்கி. அங்கேதான் வந்தது வம்பு. படகில் யார் பெயரோ, அவர் வீட்டுக்கே முதல் கூடை மீன் என்பது அந்தக் குப்பத்து வழக்கம்.

"அலையைக் கிழிக்கிறது என் முன்பாதிதானே? என் பேரை எழுதுங்கம்மா" என்றார் அஞ்சப்பன்.

"முன்னால போனா போதுமா? படகைத் திருப்புறது பின்னால இருந்துதான். என் பேருதான் சரி" என்றார் காத்தலிங்கம்.

வேம்பு சிரித்தாள். "இன்ஜின் இல்லேன்னா ரெண்டு பாதியும் கரையிலதான் கெடக்கணும். பேரு எனக்குத்தான்."

சென்னியப்பன் அரை மீசையைத் தடவினார். "ஏனுங்க, பேசாம நம்ம சங்கத்துப் பேரையே எழுதிப்போடலாமுங்களே?"

"குடுத்துப்போட்டு அது மேல நம்ம பேரை எழுதுனா, குடுத்ததா ஆகுமுங்களா?" என்றார் மனோன்மணி.

மூவரும் இறங்கிவருவதாயில்லை. பெயர் வைக்காத படகைத் தண்ணீரில் தள்ளக் கூடாது என்று ஊர் சொல்லிவிட்டது. பிரஷில் நீலப் பெயின்ட் உலரத் தொடங்கியது.

சொல்லுங்கள், மூவரில் யார் கேட்டது நியாயம்? மனோன்மணி யார் பெயரை எழுதியிருக்க வேண்டும்?

விடை: வேம்பு கேட்டதே நியாயம். முன்பாதிக்குப் பின்பாதியை விட்டால் வேறு கதியில்லை, பின்பாதிக்கும் அப்படியே. சேர்ந்ததில் அந்த இருவருக்கும் லாபம்தான், இழப்பில்லை. இன்ஜினோ எந்தப் படகில் ஏறியும் பிழைத்திருக்கும். போக வழியிருந்தும் போகாமல் நின்றவள் வேம்பு ஒருத்தியே. மனோன்மணி இதைச் சொன்னதும் அஞ்சப்பன்தான் முதலில் சிரித்துத் தலையாட்டினார். "சாமி பேரா, வீட்டுக்காரர் பேரா?" என்று மனோன்மணி கேட்க, "ஏன், என் பேரே நல்லாத்தான இருக்கு?" என்றாள் வேம்பு. அப்படியே எழுதினார்கள். கடலுக்குப் போன ‘வேம்பு’, விளிம்பு வரை மத்தியோடு திரும்பியது. அதைக் கரை சேர்த்தவர் காத்தலிங்கம். முதல் கூடையைத் தலையில் சுமந்துபோய் அவள் வீட்டு வாசலில் இறக்கியவர் அஞ்சப்பன்.