எந்தக் கார்டு மண்டபத்தைத் தாங்கியது?

ஈரோட்டில் பெருந்துறை சாலையில் ஒரு மாடியறை. கட்டப்போகும் வீட்டையும் மண்டபத்தையும் கட்டி முடித்தது போலவே கம்ப்யூட்டரில் உருவாக்கிக் காட்டுவது அங்கே தொழில். பங்காளிகள் மூன்று பேர். கட்டடத்தைக் கல் கல்லாக எழுப்புகிறவள் கோகிலவாணி. அதற்கு வெளிச்சமும் நிழலும் கொடுக்கிறவன் பூபதி. வாடிக்கையாளர்களைப் பேசிப் பிடித்து வருகிறவன் சம்பத். ஆறு வருடம் சேர்ந்து உழைத்ததில் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கப் பிடிக்காமல் போனதுதான் மிச்சம். ஊர் மரியாதை மட்டும் போகவில்லை. திட்டுவதைக்கூட ‘ங்க’ போட்டுத்தான் திட்டிக்கொண்டார்கள். அது இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

பிரிந்துவிடுவது என்று முடிவாயிற்று. அறையும் பெயர்ப்பலகையும் யாருக்கு என்பதில்தான் இழுபறி. ஆண்கள் இருவருக்கும் வேறு இடம் பார்த்துக்கொள்ளத் தெம்பு இருந்தது. கோகிலவாணிக்கு இதை விட்டால் போக்கிடம் இல்லை. மாமனார் நாள் முழுக்க டிவி பார்க்கும் கூடத்தின் மூலையில் உட்கார்ந்து அவளால் ஒரு கதவுகூட வரைய முடியாது.

அப்போது கையில் இருந்தது ஒரே வேலை. தெய்வசிகாமணி என்பவர் கட்டப்போகும் கல்யாண மண்டபம். முகப்பு, மணமேடை, பின்னால் பந்திக்கூடம், தோட்டத்து வேப்பமரத்தின் இலை வரைக்கும் நான்கு மாதமாக கோகிலவாணி உருவாக்கி வைத்திருந்தாள். அதற்குள் முகப்பு வளைவின் நிறத்தை அந்த மனிதர் நான்கு தடவை மாற்றச் சொல்லி அவள் உயிரை வாங்கியிருந்தார். இப்போது முகப்பிலிருந்து பார்க்கிற மாதிரி ஒரு படம் கேட்டார்.

“வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வர்றேனுங்க. படம் இருக்கோணும்.”

அலுவலகக் கம்ப்யூட்டருக்குள் படம் வரைந்து தரும் பழைய கிராபிக்ஸ் கார்டு அந்தப் படத்தை எடுக்க முடியாமல் பாதியில் நின்றது. கார்டுக்கென்று தனி மெமரி உண்டு. உருவாக்கிய பொருள் மொத்தமும் அதற்குள் அடங்கினால்தான் வேலை நடக்கும். மண்டபத்துக்குப் பதின்மூன்று ஜிபி வேண்டும். பழைய கார்டில் இருந்தது எட்டு.

மூவரும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்: ஆளுக்கொரு வழியாகக் கார்டு ஏற்பாடு செய்வது, யாருடைய ஏற்பாடு இந்த மண்டபத்தைத் தாங்குகிறதோ அவருக்கே அறை, மற்ற இருவரும் நடையைக் கட்டுவது.

பூபதி புத்தம் புதிய கார்டு வாங்கினான். எட்டு ஜிபிதான், ஆனால் வேகத்தில் பேய். அதே விலைக்கு கோகிலவாணி வாங்கியதில் பதினாறு ஜிபி இருந்தது. வேகம் பாதிகூட இல்லை.

“ஆமை முதுகுல மூட்டை ஏத்தியிருக்கீங்களாட்ட இருக்குதுங்க” என்றான் பூபதி.

“நீங்க உங்க சோலியப் பாருங்க” என்றாள் அவள்.

சம்பத் இருவரையும் பார்த்து இளித்தான். பழைய கார்டைப் போலவே இன்னொன்றைப் பாதி விலைக்குப் பழைய சாமான் கடையில் பிடித்து, இரண்டையும் ஒரே பெட்டியில் சொருகினான். எட்டும் எட்டும் பதினாறு என்பது அவன் கணக்கு.

வெள்ளிக்கிழமை காலையில் மூவரும் ஆளுக்கொரு கம்ப்யூட்டரில் ஒரே மண்டபத்தைத் திறந்தார்கள். சம்பத்தின் பெட்டி முதலில் படுத்தது. இரண்டு சின்னக் குண்டாவைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அது பெரிய குண்டா ஆகிவிடாது. ஒவ்வொரு கார்டும் மொத்த மண்டபத்தையும் தானே சுமந்தாக வேண்டும். ஆனால் சம்பத் லேசுப்பட்டவன் அல்ல. தோட்டத்தை ஒரு கார்டிலும் கட்டடத்தை இன்னொன்றிலும் தனித்தனியாகப் படமெடுத்து, இரண்டையும் மத்தியானத்துக்குள் ஒட்டிவிட்டான்.

பூபதிக்கு இருபது நிமிடம் போதுமாயிருந்தது. எப்படி என்று கோகிலவாணி எட்டிப் பார்த்தாள். முகப்பிலிருந்து கண்ணுக்குத் தெரியாததையெல்லாம் அவன் தன் பிரதியிலிருந்து வெட்டி எறிந்திருந்தான். பந்திக்கூடமே இல்லை. இரண்டு மாத உழைப்பு அது. “பந்திக்கூடம் எங்கீங்க?” என்றாள்.

“தெரியாததுக்கு எதுக்குங்க மெமரி?” என்றான் அவன், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

அவளுடைய கார்டு ஒன்றையும் வெட்டவில்லை, பிரிக்கவில்லை. ஊர்ந்து ஊர்ந்து மூன்றே முக்கால் மணிக்குத்தான் படம் முடிந்தது. அதுவரை இரண்டு பேரும் கடிகாரத்தைப் பார்த்துச் சிரித்ததை அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டிருந்தாள்.

தெய்வசிகாமணி வந்து மூன்று படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். “எனக்கு மூணும் ஒண்ணாட்டந்தான் தெரியுதுங்க. எது குடுத்தாலும் சரி” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

சண்டை பிடித்துக்கொண்டது. முதலில் முடித்தது நான், வேகம்தான் பெறுமானம் என்றான் பூபதி. பாதி விலையில் அதே படத்தைத் தந்தவன் நான் என்றான் சம்பத். மண்டபத்தை மண்டபமாகச் சுமந்தது என் கார்டு ஒன்றுதான் என்றாள் கோகிலவாணி. பார்க்கிறவருக்கே வித்தியாசம் தெரியாதபோது சுமந்து என்ன பயன் என்று இருவரும் ஒரே குரலில் கேட்டார்கள். ஆறு வருடத்தில் அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு தடவைதான்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். அறை யாருக்குச் சேர வேண்டும்?

விடை: கோகிலவாணிக்கு. மற்ற இருவரின் கார்டும் தாங்கியது ஒரு படத்தை, மண்டபத்தை அல்ல. தாளில் எழுதியிருந்ததோ மண்டபம். வளைவின் நிறத்தை நான்கு தடவை மாற்றியவர் ஒரு படத்தோடு திருப்தியாகிவிடுவார் என்று நம்பியது அவர்கள் தப்பு. மறுநாள் காலையிலேயே போன் வந்தது, பந்திக்கூடத்துப் பக்கமிருந்து ஒரு படம் வேண்டும், சாயங்காலம் வருகிறேன் என்று. பூபதியிடம் பந்திக்கூடமே இல்லை. அதைத் திரும்பக் கொண்டுவந்தால் அவன் கார்டில் இடம் இல்லை, இடம் வேண்டுமென்றால் வேறு எதை வெட்டுவது என்று முதலிலிருந்து தேட வேண்டும். சம்பத் மறுபடியும் எல்லாவற்றையும் பிரித்து எடுத்து ஒட்டவேண்டும். அந்தப் பக்கத்தில் மரமும் சுவரும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடந்தன, எங்கே வெட்டுவது என்று அவனுக்குப் புரியவில்லை. கோகிலவாணி கோணத்தை மட்டும் திருப்பி வைத்து, பொத்தானை அழுத்திவிட்டு, காலைச் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தாள். சாப்பிட்டுக் கை கழுவியதும் பூட்டு மாற்றுகிறவருக்குப் போன் செய்தாள்.