ஜமீன் வாசலில் சீமைப் புல்

ஜமீன் பங்களா வாசலில் வெள்ளைச் சாமரமாய்ப் பூத்து நின்றது சீமைப் புல். கப்பலில் வந்த புல் என்று ஜமீன்தாருக்குத் தாங்காத பெருமை. விருந்துக்குப் பட்டணத்திலிருந்து வந்த புல் நிபுணர் துரைக்கண்ணு, பூதக்கண்ணாடியோடு சுற்றிப் பார்த்துவிட்டு, "இதில் ஆற்று நாணல் கலந்துவிட்டது" என்றார்.

ஜமீன்தார் தோட்டக்காரி மாடத்தியைக் கூப்பிட்டார். "சாயங்காலத்துக்குள்ள நாணலை எல்லாம் பிடுங்கு. சீமைப் புல்லுல ஒரு தூர் போச்சுன்னா உன் குடிசையும் போச்சு."

மாடத்தி கும்பிட்டாள். "நான் படிக்காதவ சாமி. அசல் தூர் ஒண்ணைப் பட்டணத்து ஐயா தொட்டுக் காட்டட்டும். அதைப் பார்த்துப் பிரிச்சிடுறேன்."

நிபுணர் உயரமான தூரைத் தொட்டார். "இதுதான் அசல். உங்க ஆத்துல இப்படி முளைக்குமா?"

"அங்கதான் சாமி முளைச்சுது. கப்பல்ல வந்தது முதல் மழையிலேயே அழுகிப்போச்சு. சொன்னா அடி விழும்னு பயந்து, ஆத்து நாணலைத் தூர் பிரிச்சு நட்டேன். இங்க இருக்கிறது அத்தனையும் நாணல்தான்."

விருந்தாளிகள் வாய்விட்டுச் சிரித்தார்கள். ஜமீன்தாருக்கு முகம் கறுத்தது. ஊரெல்லாம் பீற்றிக்கொண்ட புல்லைப் பிடுங்க அவருக்கு மனமில்லை. மாடத்தியைத்தான் குடிசையை விட்டு விரட்டினார். அவள் மூட்டையோடு கிளம்பும்போது, "இதை எப்படிப் பராமரிக்கணும்?" என்று அதட்டிக் கேட்டார்.

"ஐயாவைக் கேளுங்க சாமி. புல்லைத் தெரிஞ்சவர் அவர்தானே?"

மாதாமாதம் கத்தரிக்கச் சொன்னார் நிபுணர். மறு வருஷம் பங்களா வாசலில் ஒரு பூகூட வரவில்லை. ஆற்றங்கரை முழுக்க நாணல் வெள்ளையாய்ப் பூத்துக் கிடந்தது. மாடத்தி நிமிர்ந்து பார்க்கவில்லை. யாருடைய வயலிலோ குனிந்து நாற்று நட்டுக்கொண்டிருந்தாள்.