பெட்டி பழுதா என்று கேட்டவர்

இந்தக் கதையில் கெட்டவர் யாரும் இல்லை. சிக்கலே அதுதான். மூன்று பேரும் நல்ல மனசோடுதான் செய்தார்கள். ஆனாலும் கடைசியில் ஒருவரைத்தான் நீங்கள் சரி என்று சொல்ல முடியும். அதனால் நேரத்தைக் கொஞ்சம் கவனித்துக்கொண்டே கேளுங்கள்.

'இறக்கை' என்று ஓர் இணையதளம், விமானப் பைத்தியங்கள் கூடுகிற இடம். ஒருவர் கேள்வி கேட்பார், தெரிந்தவர் பதில் சொல்வார். சண்டை வராமல் பார்த்துக்கொள்ளச் சம்பளமில்லாத நெறியாளர்கள் மூன்று பேர். மூத்தவர் தேவசகாயம், ஓய்வுபெற்ற வானிலை அலுவலர். இளையவன் குமரகுரு. நடுவில் தஸ்லிமா, கல்லூரி ஆய்வகத்தில் வேலை. அவள் இதுவரை விமானத்தில் ஏறியதே இல்லை. ஆனால் எந்த விமானத்துக்கு எத்தனை சக்கரம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

தளத்தில் இரண்டு விதிகளில் மட்டும் விட்டுக்கொடுப்பே கிடையாது. பதில் சொல்லியாகிவிட்ட கேள்வி மறுபடி வந்தால், மூடிவிட்டுப் பழைய பதிலைக் காட்ட வேண்டும். விபத்து என்றால் ஏழு நாள் அதைப் பற்றி யாரும் மூச்சு விடக் கூடாது. இரண்டாவது விதி சும்மா வந்ததில்லை. முன்பொரு விபத்தில் ஆளாளுக்கு ஊகம் செய்து ஒரு மெக்கானிக்கின் பெயரை இழுத்துவிட்டார்கள். அவர்மேல் தப்பில்லை என்று அறிக்கை வருவதற்குள் அந்தக் குடும்பம் ஊரையே காலி செய்திருந்தது.

தை மாதத்து மாலை, நாலு பத்து. கடலோர ஊர் ஒன்றில் ஐஸ் கம்பெனி மேற்பார்வையாளரான சவரிராஜ் ஒரு கேள்வி போட்டார். அவர் வீட்டு மொட்டைமாடியில் ஓர் ஆன்டெனா, அதோடு ஒரு பெட்டி. பறக்கும் விமானங்கள் அனுப்புகிற சிக்னலைப் பிடித்து அவை எங்கே, எந்த உயரத்தில் என்று திரையில் காட்டும். "கடலுக்கு மேல் ஒரு விமானம் வெறும் நூற்றைம்பது அடியில் போவதாகக் காட்டி மறைந்துவிட்டது. என் பெட்டி பழுதா?"

பெட்டி உயரத்தைத் தப்பாகக் காட்டுகிறது என்பது அந்தத் தளத்தில் வாரம் இரண்டு தடவை வருகிற கேள்வி. காற்றழுத்தம் மாறினால் அப்படித்தான் காட்டும். தஸ்லிமா பாதி வரி படித்ததுமே மூடினாள். பழைய பதிலைக் காட்டிவிட்டு டீ குடிக்கப் போனாள்.

நாலரைக்குச் செய்தி வந்தது. பயிற்சி விமானம் ஒன்றைக் காணவில்லை. உள்ளே பயிற்சியாளரும் ஒரு மாணவனும். மீட்புப் படகுகள் இரண்டும் வடக்கே தேடுகின்றன. தளத்தில் கேள்விகள் கொட்டின. மூன்று பேரும் விதிப்படி ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டே இருந்தார்கள்.

நாலு நாற்பத்தாறுக்கு சவரிராஜ் மறுபடி எழுதினார். "மன்னிக்கணும். என் பெட்டியில் மறைந்தது தெற்கே. தேடுவது வடக்கே. பெட்டி பழுதா இல்லையா, அதை மட்டுமாவது சொல்லுங்கள்."

ஆறு மணிக்கு இருட்டிவிடும். அப்புறம் யாரை எங்கே தேடுவது? தஸ்லிமா மற்ற இருவரையும் ஒரே அழைப்பில் பிடித்தாள்.

தேவசகாயம் அந்தக் கேள்வியையும் பூட்டினார். "ஊகத்துக்கு இங்க இடமில்லம்மா. அந்த மெக்கானிக் வீட்டுல நான் போய் மன்னிப்புக் கேட்டவன்."

குமரகுரு காத்திருக்கவில்லை. மீட்பு அறைக்குப் போன் போட்டு, "தெற்கதான் சார், உறுதியாச் சொல்றேன்" என்றான்.

"இன்னிக்கு உறுதியாச் சொல்ற ஆறாவது ஆள் நீங்க" என்று வைத்துவிட்டார்கள்.

தஸ்லிமா சவரிராஜை அழைத்தாள். மறைந்த விமானத்தின் குறியீடு என்ன, அதே நேரத்தில் பெட்டியில் தெரிந்த பயணிகள் விமானங்கள் எங்கே இருந்தன என்று கேட்டாள். பெட்டியில் விமானத்தின் பெயர் வராது, ஆறெழுத்துக் குறியீடுதான் வரும். காணாமல் போனதின் குறியீடும் அதுதானா? பயிற்சிப் பள்ளி விமானங்களின் பட்டியல் தளத்தின் நானூறு பழைய பதில்களுக்குள் எங்கோ கிடந்தது. ஒவ்வொன்றாகத் திறந்து தேடினாள்.

"அக்கா, நீங்க சரிபார்த்துட்டே இருந்தா ஆள் போயிடுவாங்கக்கா!" என்று போனிலேயே கத்தினான் குமரகுரு.

"தப்பா இருந்தா? வடக்க இருக்கிற படகையும் நாமளே இழுத்துவிட்டதா ஆகாதா?" அழுதுகொண்டேதான் சொன்னாள். யா அல்லா, யா அல்லா என்று வாய் முணுமுணுத்தபடியே இருந்தது.

அந்த நேரத்தில் சவரிராஜின் பெட்டியில் தெரிந்த இரண்டு பயணிகள் விமானங்களும் மற்ற பெட்டிகளிலும் அதே இடத்தில்தான் தெரிந்திருந்தன. அப்படியென்றால் பெட்டி பழுதில்லை. பட்டியலும் கிடைத்தது, அந்தக் குறியீடு அதில் இருந்தது. பதினெட்டு நிமிடம் ஆகியிருந்தது. மீட்பு அறையை அழைத்து, உறுதி என்று சொல்லாமல், "ஒரு பெட்டி இப்படிக் காட்டுது, குறியீடு இது" என்று ஆறெழுத்தையும் வாசித்தாள். அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. பள்ளியிலிருந்து வந்த தாளிலும் அதே எழுத்துகள். ஒரு படகு தெற்கே திரும்பியது.

வெளிச்சம் போகிற நேரத்தில் மாணவனை உயிரோடு தூக்கினார்கள். பயிற்சியாளரைக் காணவில்லை. "கால் மணி நேரம் முன்னாடி வரைக்கும் சார் என் கையைப் பிடிச்சிட்டிருந்தார்" என்றான் மாணவன்.

பதினெட்டு நிமிடம் சரிபார்த்தாள். கால் மணி நேரத்தில் ஒரு கை நழுவியது. தளம் இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. நீங்கள் சொல்லுங்கள். கேள்வி இரண்டாம் தடவை வந்தபிறகு பூட்டியவர், உடனே சொன்னவன், சரிபார்த்துச் சொன்னவள், இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: தஸ்லிமா செய்ததுதான். தேவசகாயத்தின் பூட்டு ஊர்வாயை அடைத்தது. அது நல்லதுதான், ஆனால் தண்ணீரில் கிடப்பவருக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை. குமரகுரு சொன்ன திசை சரி. ஆனால் தெரியாததைத் தெரியும் என்று சொன்னதால் ஆறு பேரில் ஒருவனாகிப்போனான். படகைத் திருப்பியது அந்த ஆறெழுத்து. அதைத் தேடாமல் அவளும் போன் செய்திருந்தால் ஏழாவது ஆளாக இருந்திருப்பாள், மாணவனும் போயிருப்பான். ஆகவே பதினெட்டு நிமிடம் வீணில்லை. பயிற்சியாளரின் மனைவி வந்து கேட்டபோது தஸ்லிமாவும் இதைத்தான் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, பாதி வரி படித்து முதல் கேள்வியைத் தான் மூடியதில் போன, அதுவரை யாருமே கேட்டிராத முப்பத்தாறு நிமிடத்தையும் தானாகவே சொன்னாள்.