கடலுக்கு வேளை வந்த கதை

நண்டும் நாரையும் மனிதரோடு பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், கடலுக்கு வேளை கிடையாது. நினைத்தபோது ஏறும், நினைத்தபோது வற்றும்.

சேற்றுத்திட்டில் சிப்பி பொறுக்கிப் பிழைத்தவள் செம்பாயி. அவள் புருஷன் வேலாண்டி அதே திட்டில் நின்றபோது தண்ணீர் சூழ்ந்துகொண்டது. அவன் தோளில் கிடந்த கயிறு மட்டும் கரை ஒதுங்கியது. அதை இடுப்பில் சுற்றிக்கொண்டு மறுபடியும் அதே திட்டுக்குத்தான் போனாள். வேறு பிழைப்பு இல்லை. ஒரு கண் சிப்பியில், ஒரு கண் அலையில். குனிந்து நிமிர்ந்தே அலுத்துப்போனாள்.

"கடல் எப்ப ஏறும்?" என்று நண்டைக் கேட்டாள்.

"வந்தப்புறம்தான் எங்களுக்கே தெரியும். ஓடி ஓடிக் காலெல்லாம் கோணிப்போச்சு" என்றது நண்டு.

அன்று சாயங்காலம் அவள் கடலிடமே போனாள். "ஆத்தா, சொல்லிட்டு வந்தா என்ன?"

"நான் வேணும்னேவா வர்றேன்? படுத்தாத் தூக்கம் வரலடி. புரண்டு புரண்டு படுக்கிறேன். என்னை எழுப்பவும் ஆளில்ல, படுக்கவைக்கவும் ஆளில்ல."

அந்த நேரம் கிழக்கே முழுநிலா மெல்ல ஏறி வந்தது.

"அம்புலி, நீ எங்க ஆத்தாளை எழுப்பிவிடுவியா?"

"நானே ஓஞ்சுபோய் நடக்கிறேன். தினம் தினம் தாமதமாத்தான் வர்றேன், பாக்கலியா?"

"எவ்வளவு தாமதம்?"

"ரெண்டு நாழிகை இருக்கும்."

"தினமும் அதே ரெண்டு நாழிகைதானே? அது போதும் எனக்கு."

செம்பாயி இடுப்புக் கயிற்றை அவிழ்த்தாள். அவனுடையதென்று அவளிடம் மிஞ்சியது அது ஒன்றுதான். கொஞ்சநேரம் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு ஒரு நுனியைக் கடலில் விட்டு, மறுநுனியை நிலாவை நோக்கி வீசினாள்.

நிலா பிடித்துக்கொண்டது. தலைக்கு மேலே வரும்போது ஒரு தரம் இழுத்தது. பூமிக்குக் கீழே போனபோது இன்னொரு தரம் இழுத்தது. பௌர்ணமியிலும் அமாவாசையிலும் சூரியனும் கைகொடுக்க, கடல் மேடுவரை ஏறியது. அரைநிலா நாட்களில் சூரியன் குறுக்கே இழுத்ததால் கொஞ்சம்தான் ஏறியது. நடுவில் கயிறு தளர்ந்தபோதெல்லாம் கடல் அயர்ந்து உறங்கியது.

கயிறு வீசிய மறுநாளே நிலாவைக் கணக்குப் பார்த்துத் திட்டில் இறங்கிய செம்பாயி, தண்ணீர் வருமுன்னே கூடையைத் தூக்கிக்கொண்டு கரைக்கு நடந்தாள். ஓடவில்லை.

அன்று தொட்டுத்தான் கடல் நிலாவின் பின்னால் போகிறது. நேற்றைய ஏற்றத்தைவிட இன்றைய ஏற்றம் இரண்டு நாழிகை பிந்துகிறது. கடலில் இறங்குகிறவர்களும் முதலில் வானத்தைப் பார்க்கிறார்கள்.